மேடையில் கேட்ட கிற்றாரும் வீட்டில் வீங்கிய கிற்றாரும்

கனகராயன் கரை (கிளிநொச்சி) கேட்கிறார்:

இசை நண்பர்களுக்கு வணக்கம்.

நான் முறையாக இசை பயின்றவன் அல்லன். இரணைமடு வாய்க்கால் நீரில் வயல் செய்த குடும்பத்தில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கிற்றார் என் கைக்கு வந்ததற்கு ஒரே ஓர் இரவுதான் காரணம். 1979 ஆம் ஆண்டளவில், எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும், பரந்தனுக்கு அண்மையில் உள்ள ஒரு கோயிலின் பூங்காவனத் திருவிழாவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் இன்னிசைக் கோஷ்டி லொறியில் வந்திறங்கியது. பெரியவர்கள் பாய் விரித்து முன்னால் அமர, சிறுவர்களாகிய நாங்கள் மேடையின் பக்கவாட்டில் ஜெனரேற்றர் புகைக்குள் நின்றோம். அங்கிருந்து பாடகரின் முகம் தெரியவில்லை. கிற்றார் வாசித்தவரின் கைகள் மட்டும் ஒரு முழத் தூரத்தில் தெரிந்தன. பழைய சீப்பிலிருந்து வெட்டியெடுத்த பிளாஸ்ரிக் துண்டினால் அவர் கம்பிகளை மீட்டினார். பாட்டு முடிந்ததும் சனம் பாடகருக்குக் கை தட்டியது. இவரோ இடது கை விரல்நுனிகளைச் சட்டையில் துடைத்தார். அவற்றில் கம்பி பதிந்த கறுப்புக் கோடுகள் இருந்தன. விடியும்வரை நான் அந்தக் கோடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொந்தமாக ஒரு கிற்றார் வாங்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. போரால் மூடியிருந்த ஏ9 நெடும்பாதை திறந்த மறு ஆண்டு கொழும்பில் உருக்குக் கம்பிக் கிற்றார் ஒன்றை வாங்கி வந்தபோது, ஓமந்தைச் சோதனைச் சாவடியில் அதன் வயிற்றுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார்கள். 2006 இல் ஒரு கல்யாண வீட்டுக்காக அதை வவுனியாவுக்குக் கொண்டுபோனேன். ஓகஸ்ட் மாதத்தில் பாதை மூடப்பட, அது தங்கை வீட்டிலேயே நின்றுவிட்டது. அதனால் போரில் அழியாமல் தப்பியது.

இப்போதைய சிக்கல் இதுதான். தகரக் கூரையின் கீழ்ப் பல கோடையும் மாரியும் கண்டு அதன் முகப்பலகை, கம்பிகளைத் தாங்கும் பாலத்துக்குப் பின்னால் வீங்கிவிட்டது. பன்னிரண்டாம் மெட்டில் (கழுத்தில் பதித்த குறுக்குக் கட்டையில்) கம்பி இரண்டு தீக்குச்சிகளை அடுக்கிய உயரத்தில் நிற்கிறது. வைகாசியில் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் இளைஞர்களோடு வாசிக்கும்படி நிர்வாகத்தினர் கேட்டிருக்கிறார்கள். கனடாவில் இருக்கும் மருமகன் புதியது வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறான். பழையதைத் திருத்தலாமா? அத்துடன், உங்களைக் கிற்றாரின் பக்கம் இழுத்த நிகழ்ச்சி எது, கையை விட்டுப் போகாத கிற்றார் எது என்பதையும் அறிய ஆவல்.

தங்கூசி (முல்லைத்தீவு) எழுதுகிறார்:

வணக்கம் ஐயா. நான் இங்கே வைத்திருக்கும் 'தங்கூசி' (தூண்டிலுக்குக் கட்டும் நைலோன் இழை) என்ற பெயரே உங்கள் கடைசிக் கேள்விக்கான பதில்.

1996 இல் கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்கு வந்தபோது, அண்ணனின் நைலோன் கம்பிக் கிற்றாரை நெல்லுச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தேன். சில மாதங்களில் முதலாம் கம்பி அறுந்தது. பற்றரிகூடக் கிடைக்காத பொருளாதாரத் தடைக் காலத்தில் கிற்றார்க் கம்பிக்கு எங்கே போவது? பக்கத்துக் கொட்டிலில் இருந்த மீனவர் ஒருவர் தனது தூண்டில் தங்கூசியில் மூன்று பாக நீளம் வெட்டித் தந்தார். நைலோன் கிற்றாரின் முதலாம் கம்பி ஏறத்தாழ 0.7 மில்லிமீற்றர் தடிப்பு. அவருடைய தங்கூசியும் கண்ணளவில் அதே தடிப்புத்தான். ஆனால் அது இழுபட்டுக்கொண்டே இருந்தது. இரவில் சுருதி சேர்த்துவிட்டுப் படுத்தால் விடியும்போது ஒரு சுரம் இறங்கியிருக்கும். ஒரு கிழமை சென்ற பிறகுதான் நிலைகொண்டது.

பல ஆண்டுகளின் பின்னர்தான் இதற்கும் ஒரு முன்கதை உண்டென்று வாசித்தேன். முன்பு இந்தக் கிற்றார்களுக்கு விலங்குக் குடலில் திரித்த நரம்பே பூட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் அந்த நரம்பு காயங்களைத் தைக்கத் தேவைப்பட்டதால் இசைக்குத் தட்டுப்பாடு வந்தது. அந்தத் தட்டுப்பாட்டுக்கு மாற்றாகத்தான் நியூயோர்க்கில் அல்பேர்ட் ஒகஸ்ரின் என்பவர் நைலோன் இழையில் கம்பி செய்தார். புகழ்பெற்ற கலைஞர் செகோவியாவும் அதை ஏற்று வாசித்தார். எங்கள் மீனவருக்கு இது தெரிந்திருந்தால் தங்கூசிக்கு விலை கேட்டிருப்பார்.

உருக்குக் கம்பிக் கிற்றார் வைத்திருந்த நண்பன் சயிக்கிள் பிறேக் கம்பியைப் பிரித்தான். அதில் பத்தொன்பது இழைகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 0.3 மில்லிமீற்றர், முதலாம் கம்பியின் தடிப்பேதான். ஆனால் முறுக்கின் நெளிவு முழுமையாக நிமிராது. திறந்து மீட்டினால் சுருதி சரியாக இருக்கும். மேலே போகப் போகப் பொய் சொல்லும்.

எனக்குப் பிடித்த நிகழ்ச்சியும் அக்காலத்ததே. மல்லாவியில் ஒரு பாடசாலை மண்டபத்தில், இடம்பெயர்ந்த பிள்ளைகளின் கலைவிழா. நிறுத்தி வைத்த சயிக்கிளை ஒருவன் மிதிக்க, டைனமோ வெளிச்சத்தில் நாங்கள் வாசித்தோம். பாட்டில் லயித்து அவன் கால் தளரும்போதெல்லாம் விளக்கு மங்கும்; "மிதியடா" என்று கூட்டம் கத்தும்.

2009 பங்குனியில் மாத்தளனில் பங்கருக்குப் பக்கத்தில் அந்தக் கிற்றாரை யூரியாப் பையில் கட்டிப் புதைத்தேன். மீள்குடியேற்றத்தின் பின்னர் போய்த் தோண்டினேன். ஒட்டுப்பலகை தாள் தாளாகப் பிரிந்து கையோடு வந்தது. தங்கூசி மட்டும் அப்படியே இருந்தது. அதை இப்போதும் வைத்திருக்கிறேன்.

ஆறாம் கம்பி (வவுனியா) எழுதுகிறார்:

எனக்கு மரக் கிற்றாரின் மீது அவ்வளவு மோகம் இல்லை, நான் மின்கிற்றார்க்காரன். இளையராஜாவின் பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸ் கிற்றாரை ஒலிநாடாவில் திருப்பித் திருப்பிக் கேட்டு வளர்ந்து, சமாதான காலத்தில் ஒரு கோஷ்டியோடு மாங்குளம், ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு என்று மேடையேறியவன்.

அப்போது என்னிடம் இருந்தது ஸ்ராற்றோகாஸ்ரர் என்ற மின்கிற்றாரின் மலிவான நகல். 1954 இல் பென்டர் நிறுவனம் வெளியிட்ட அந்த வடிவத்தில் கம்பியதிர்வை வாங்கும் சுருள்கள் தனித்தனியே இருக்கும். ஓசை கண்ணாடி போலத் தெளிவானது. ஆனால் அருகில் உள்ள மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்தே வாங்கும். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மேடையில் அது ஜி சுரத்துக்குச் சற்று மேலே "ம்ம்ம்" என்று கேட்கும். ஜெனரேற்றர் களைத்தால் அந்த முனகலும் கீழே இறங்கும். ஜியில் பாட்டுத் தொடங்கும்போதெல்லாம் சுருதி பேதத்தோடு ஒருவர் கூடவே பாடுவது போலிருக்கும். இந்த இரைச்சலைக் கொல்லவே கிப்சன் நிறுவனத்தில் செத் லவர் 1955 இல் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்தார்; இரைச்சல் ஒன்றையொன்று அழித்துவிடும், கம்பியின் ஓசை நிற்கும். பிறகு நான் அவ்வகைக்கு மாறினேன். ஆனாலும் மனம் அந்த நகலிடமே நிற்கிறது.

ஐயா, திருவிழாவுக்கு ஒரு விடயத்தை மறக்க வேண்டாம். ஒரு மேடையில் கம்பியைப் பிடித்தபடியே மைக்கில் உதட்டை வைத்தேன்; கரண்ட் அடித்துப் பின்னால் இருந்த ட்ரம்ஸின் மேல் விழுந்தேன். பாட்டின் முடிவு என்று நினைத்துச் சனம் கை தட்டியது. லைற் பூட்டியவர்கள் எர்த் கோல் அடித்துத்தான் இருந்தார்கள். ஆனால் வைகாசியில் வன்னி மண் காய்ந்து கிடக்கும். கோலைச் சுற்றி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றாவிட்டால் எர்த் பிடிக்காது. என்னைக் கேட்டால், மருமகனிடம் ஒலிவாங்கி பொருத்திய புதிய கிற்றாரையே கேளுங்கள்.

மருதமர நிழல் (மன்னார்) எழுதுகிறார்:

வணக்கம் ஐயா. வவுனியா அண்ணா புதியது வாங்கச் சொல்கிறார். நான் அதற்கு முன் ஒரு கடதாசித் துண்டை எடுக்கச் சொல்கிறேன். பாலத்தின் பின்விளிம்புக்கும் பலகைக்கும் இடையில் அதைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் பசை விட்டுவிட்டது. தச்சரிடம்தான் கொடுக்க வேண்டும். போகாவிட்டால் பாலத்தின் மேல் கம்பிகள் ஏறி நிற்கும் வெள்ளைத் துண்டைக் கழற்றி, அதன் அடிப்பகுதியை உப்புத்தாளில் தேயுங்கள். பன்னிரண்டாம் மெட்டு கம்பியின் நடுவில் இருப்பதால், அங்கே 1 மில்லிமீற்றர் இறங்க வேண்டுமென்றால் இங்கே 2 மில்லிமீற்றர் தேய வேண்டும். கணித ஆசிரியருக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. மெல்லிய கம்பித் தொகுதியையும் பூட்டுங்கள். வழமையான ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ இழுக்கின்றன. ஒரு மூட்டை நெல்லை அந்தப் பலகையில் இத்தனை வருடம் தொங்கவிட்டிருக்கிறீர்கள்.

நான் கற்றது மடுத் திருவிழாவில். ஓகஸ்ட் 15 பெருநாளுக்கு முன் மரங்களின் கீழ்க் கொட்டில் போட்டுத் தங்கும் நாட்களில், பாடகர் குழுவை நடத்திய அருட்சகோதரி ஒருவர் ஜி, சி, டி என்ற மூன்று கோர்ட்களை (சுரக்கூட்டுகளை) காட்டித் தந்தார். எங்கள் பாடகி ஐந்தரைக் கட்டைச் சுருதியில்தான், அதாவது ஜிக்கு அரைச்சுரம் மேலேதான், பாடுவாள். சுருதியை உயர்த்தக் கழுத்தில் பூட்டும் கேப்போ இல்லாததால் முதலாம் மெட்டில் பென்சிலை வைத்து எலாஸ்டிக் போட்டு இறுக்கினோம். இன்று என்னிடம் யமஹா சி 40 இருக்கிறது. சிறிய கைக்கும் கூட்டுப் பாட்டுக்கும் அதுவே எனக்குப் போதும்.

2023 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் சந்தோஷ் நாராயணனின் நிகழ்ச்சிக்கும் போனேன். ஓசை நெஞ்சில் இடித்தது, மகிழ்ச்சியாகவே இருந்தது. ஆனால் கிற்றார் வாசித்தவரின் விரல்களைத் திரையில்தான் கண்டேன். ஒரு முழத் தூரத்தில் நின்ற உங்கள் மேல் எனக்குப் பொறாமை.

கனகராயன் கரை எழுதுகிறார்:

அனைவருக்கும் நன்றி. கடதாசி உள்ளே போகவில்லை. யன்னல் கண்ணாடியின் மேல் உப்புத்தாளை ஒட்டி, மாலை முழுவதும் இருந்து 2 மில்லிமீற்றர் தேய்த்தேன். இப்போது ஒன்றரைத் தீக்குச்சி. இன்னும் தேய்க்கலாம், ஆனால் துண்டில் மிச்சம் இல்லை. எப் கோர்ட் இன்னும் வலிக்கிறது, மற்றவை பரவாயில்லை.

மருமகனிடம் கிற்றார் வேண்டாம், மெல்லிய கம்பித் தொகுதி பத்து அனுப்பு என்று சொல்லிவிட்டேன். முல்லைத்தீவுத் தம்பி, அந்தத் தங்கூசியை ஒருமுறை கொண்டுவந்து காட்ட வேண்டும். ஆறாம் கம்பித் தம்பி, எர்த் கோலுக்குப் பக்கத்தில் நான்கு வாளி தண்ணீர் வைப்பதாக நிர்வாகத்தினர் ஒப்புக்கொண்டார்கள். ஊற்றுவது உங்கள் பொறுப்பு. பூங்காவனம் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும். பாய் கொண்டு வாருங்கள். மேடையின் பக்கவாட்டில் இடம் பிடித்து வைக்கிறேன்.