ஸ்பெயினில் ஒரு செமஸ்டர்: சலமான்காவா, கிரனாதாவா, பார்சிலோனாவா?

மழைக்காகம் (கேள்வி)

செப்டம்பரில் தொடங்கும் செமஸ்டருக்குப் பரிமாற்ற மாணவராக ஸ்பெயின் போக வாய்ப்பு வந்திருக்கிறது. துறை பொருளாதாரம். ஸ்பானிஷ் பி1 (இடைநிலை) முடித்தாயிற்று. பட்டியலில் சலமான்கா, கிரனாதா, பார்சிலோனா. விசாவுக்கு என்னென்ன வேண்டும்? 30 கிரெடிட் கட்டாயம் என்கிறார்கள், பி1 வைத்துக்கொண்டு தாங்குமா? அறையை முன்கூட்டியே பிடிப்பதா, போய்ப் பார்த்துக்கொள்வதா? "போனால் எல்லாம் சரியாகிவிடும்" வகைப் பதில்கள் வேண்டாம், ப்ளீஸ்.

கோப்புக்கட்டு

விசாவை மட்டும் சொல்கிறேன். முதலில் 180 என்ற எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். 90 நாளுக்கு மேல், 180 நாளுக்குள் தங்குபவர்களுக்குக் கடவுச்சீட்டில் ஒட்டித் தரும் விசாவே முழுக் காலத்துக்கும் செல்லும். 180ஐத் தாண்டினால் வேலை கூடும்: குற்றப் பதிவு இல்லை என்ற சான்றிதழ் (ஆவணம் வெளிநாட்டில் செல்லும் என்று உறுதிசெய்யும் அப்போஸ்தில் முத்திரையும் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பும் சேர்த்து), மருத்துவச் சான்றிதழ், அங்கே இறங்கிய ஒரு மாதத்துக்குள் 'தியே' எனும் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பம். அட்டைக்கு இஎக்ஸ்-17 படிவம், 790-012 படிவத்தில் கட்டணம், காவல் அலுவலகத்தில் கைரேகை. இதில் கழுத்தை நெரிப்பது முன்பதிவுதான். 'சீத்தா பிரேவியா' இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், பெரிய நகரங்களில் அது லேசில் கிடைக்காது.

செப்டம்பர் முதல் ஜனவரி வரையான செமஸ்டர் பொதுவாக 180க்குள் அடங்கிவிடும். ஆனால் சேர்க்கைக் கடிதத்தில் உள்ள தேதியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். வகுப்புகள் கிறிஸ்துமஸுக்கு முன் முடியும், தேர்வுகள் ஜனவரி 6 மூவரசர் விழாவுக்குப் பிறகுதான் சூடுபிடிக்கும். கடிதம் டிசம்பரோடு நின்றால் விசாவும் அங்கேயே நின்றுவிடலாம். "தேர்வுக் காலம் முடியும்வரை" என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

பணம்: மாதத்துக்கு 100 சதவீதம் 'இப்ரெம்' (ஸ்பெயின் அரசு வைத்திருக்கும் வருமான அளவுகோல்) காட்ட வேண்டும். 2025இல் அது 600 யூரோ, ஆக ஐந்து மாதத்துக்கு 3,000 யூரோ, மேற்கொண்டு திரும்பும் பயணச் செலவு. விண்ணப்பிக்கும் ஆண்டின் தொகையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நேர்காணலுக்கு முந்தின வாரம் மொத்தமாக வந்து விழுந்த பணத்துக்கு விளக்கம் கேட்பார்கள்.

காப்பீடு: சாதாரணப் பயணக் காப்பீட்டை எடுத்துவிட்டுத்தான் பலர் திரும்ப அலைகிறார்கள். ஸ்பெயினில் இயங்க அனுமதி பெற்ற நிறுவனத்துடையதாக, ஒவ்வொரு முறையும் கையிலிருந்து பங்கு கட்டும் விதி இல்லாததாக, தங்கும் நாள் அத்தனைக்கும் செல்லுபடியாவதாக இருக்க வேண்டும்.

மூன்றாம்வரிசை

ஊரைப் பார்த்துப் பாடம் எடுக்காதீர்கள். பாடத்தைப் பார்த்து ஊரை எடுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் 'கியா தொசென்தே' என்ற பாட விவரக் குறிப்பு பல்கலைக்கழகத் தளத்தில் இருக்கும். அதில் மூன்றைத் தேடுங்கள்.

ஒன்று, பயிற்றுமொழி. பார்சிலோனாவில் இளநிலை வகுப்புகளில் பெரும்பகுதி ஸ்பானிஷில் அல்ல, அந்த வட்டாரத்தின் கத்தலான் மொழியில் நடக்கும். பாடத்தின் பெயர் ஸ்பானிஷில் இருப்பதை நம்பி எடுத்தால் முதல் நாளே திகைப்புதான். ஒரே பாடத்துக்கு இரண்டு குழு இருந்தால் எந்தக் குழு எந்த மொழி என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டு, மதிப்பீட்டு முறை. தொடர் மதிப்பீடு என்றால் வருகை, வாராந்திரப் பயிற்சி, குழு வேலை, இடைத்தேர்வு எல்லாம் சேர்ந்து மதிப்பெண். பி1காரருக்கு இதுதான் பாதுகாப்பு. கடைசித் தேர்வுக்கே 100 சதவீதம் என்றால் மூன்று மணி நேரம் ஸ்பானிஷில் எழுதித் தள்ள வேண்டியிருக்கும். கொள்குறித் தேர்வென்றால் தவறான விடைக்குக் கழிப்பு உண்டா என்று பாருங்கள். நான்கு தெரிவுகள் இருந்தால் தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிப்பது பரவலான வழக்கம்.

மூன்று, மறுதேர்வு. இதைத்தான் யாரும் கேட்பதில்லை. சில இடங்களில் முதல் செமஸ்டர் பாடத்துக்கான மறுவாய்ப்பு பிப்ரவரியில் வரும், சில இடங்களில் ஜூன், ஜூலையில். மேலே கோப்புக்கட்டு சொன்ன விசா அப்போது முடிந்திருக்கும். ஆகவே மறுதேர்வு கோடையில் என்றிருந்தால் உங்களுக்கு அது இல்லாத மாதிரிதான்.

30 கிரெடிட் என்பது பெரும்பாலும் தலா 6 கிரெடிட்டாக ஐந்து பாடம். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு, வீட்டு வேலை எல்லாம் சேர்த்துத்தான். பி1க்கு என் யோசனை: கணக்கு சார்ந்த பாடம் இரண்டு (பொருளாதார அளவையியல் போல, சமன்பாடு கைகொடுக்கும்), ஆங்கிலத்தில் நடப்பது ஒன்று, ஸ்பானிஷில் படிக்கும் கோட்பாட்டுப் பாடம் ஒன்று, வெளிநாட்டவருக்கான ஸ்பானிஷ் ஒன்று. கடைசியதை உங்கள் பல்கலைக்கழகம் கிரெடிட்டாக ஏற்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். சட்டமும் பொருளாதார வரலாறும் வேண்டாம், மொழியே பாதிப் பாடம். முடிந்தவரை ஒரே புலத்திலிருந்து எடுங்கள். இரண்டு புலம் என்றால் நேர அட்டவணை மோதும், தேர்வு ஒரே நாளில் விழும். கற்றல் ஒப்பந்தத்தை (அங்கே எடுக்கப்போகும் பாடங்களுக்கு இரு பல்கலைக்கழகமும் ஒப்புக்கொள்ளும் பட்டியல்) வகுப்பு தொடங்கிய முதல் சில வாரங்களில் மாற்றலாம், எனவே உபரியாக இரண்டு பாடத்தை முன்பே ஒப்புதல் வாங்கி வையுங்கள்.

மதிப்பெண் 10க்கு. 5 தேர்ச்சி, 7 முதல் 'நொத்தாப்ளே' (நன்று), 9 முதல் 'சொப்ரெசாலியென்தே' (மிகச் சிறப்பு). 7 அங்கே நல்ல மதிப்பெண். 10க்கு 7ஐ அப்படியே 70 சதவீதம் என்று போட்டுவிட்டால் உங்களுக்கு நஷ்டம், மாற்று அட்டவணையைப் புறப்படும் முன்பே கேளுங்கள்.

மழைக்காகம்

மறுதேர்வு விஷயம் தெரியவே தெரியாது, நன்றி. அறை பற்றி யாராவது?

சாவிக்கொத்து

முதல் 10, 14 நாளுக்குத் தற்காலிகத் தங்குமிடம், பிறகு நேரில் பார்த்து அறை. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், பணம் அனுப்பினால் சாவி கூரியரில் வரும் என்றால் அது மோசடி, பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். மாணவர் விடுதிகள் பெரும்பாலும் முழு ஆண்டுக்காரர்களையே விரும்பும்.

ஒப்பந்தத்தில் நீங்கள் வெளியேறும் மாதம் தெளிவாக இருக்கட்டும். பத்து மாதத்துக்குக் கையெழுத்திட்டுவிட்டு ஜனவரியில் கிளம்பினால் வைப்புத்தொகை போச்சு. நிரந்தர வசிப்பிடத்துக்குச் சட்டப்படி ஒரு மாத வாடகை, தற்காலிக வாடகைக்கு இரண்டு மாதம் 'ஃபியான்சா'வாக, அதாவது வைப்புத்தொகையாக, கேட்கலாம். மின்சாரம், எரிவாயு வாடகையில் அடக்கமா? சலமான்கா சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மின் ஹீட்டர் மட்டுமுள்ள அறை அக்டோபரில் மலிவாகத் தெரியும், டிசம்பர் பில் வந்ததும் அப்படித் தெரியாது. கிரனாதாவும் குளிரில் சளைத்ததல்ல.

மூன்றாம்வரிசை

ஊர் பற்றியும் ஒரு வரி. காது பழகச் சலமான்கா எளிது. கிரனாதா இருக்கும் அந்தலூசியப் பகுதியின் பேச்சில் சொல்லின் கடைசி 'ஸ்' தேய்ந்துபோகும், பி1க்கு முதல் மாதம் அங்கே கடினம்.

சாவிக்கொத்து

அதற்காகக் கிரனாதாவை ஒதுக்க வேண்டியதில்லை. அங்கே செலவு குறைவு, பானம் வாங்கினால் தப்பாஸ் (சிறு நொறுக்குத் தீனி) இலவசமாக வரும். உண்மையான சிக்கல் வேறு: பரிமாற்ற மாணவர் கூட்டம் அதிகம், விட்டால் நாள் முழுக்க ஆங்கிலத்திலேயே ஓடிவிடும். உள்ளூர் மாணவர்களோடு அறை எடுத்தால் அது தீரும்.