கலைச்சொல் வேண்டல்: ‘இன்ஸ்டிடியூஷனல் கன்ட்ரோல்’ (ராக்கி மவுண்டன் ஆயுதச்சாலைக் கட்டுரைக்காக)

அன்பர்களுக்கு வணக்கம்.

கொலராடோவில் டென்வரை ஒட்டியிருக்கும் ராக்கி மவுண்டன் ஆயுதச்சாலை பற்றிய கட்டுரைக்குச் சொற்பட்டியல் தயாராகிறது. மாசுநீக்கம், நிலத்தடி நீர், கழிவுக்குட்டை வரை தடையில்லை. ‘இன்ஸ்டிடியூஷனல் கன்ட்ரோல்’ வந்ததும் வண்டி நின்றுவிட்டது. வரைவில் ‘நிறுவனக் கட்டுப்பாடு’ என்று இருக்கிறது. படிப்பவர் ஏதோ கம்பெனி நிர்வாகம் என்றுதான் எண்ணுவார்.

பின்னணி இது. 1942இல் அமெரிக்கத் தரைப்படை சுமார் 27 சதுர மைல் பரப்பில் இதை நிறுவியது. போர்க்காலத்தில் அங்கே செய்தவை மஸ்டர்டு, லூயிசைட் என்ற நச்சு ஆயுதங்கள், தீக்குண்டுகள். 1950களில் சாரின் என்ற நரம்பு நச்சு. போருக்குப் பின் ஒரு பகுதியைத் தனியார் குத்தகைக்கு எடுத்துப் பூச்சிக்கொல்லி செய்தார்கள். ஷெல் கம்பெனி 1952 முதல் 1982 வரை அங்கே இயங்கியது. ஆல்ட்ரின், டீல்ட்ரின் முதலியவை அந்தக் கணக்கில் சேரும். கழிவு முதலில் தரைப்பூச்சே இல்லாத ‘ஏ’ குட்டைக்குப் போனது. 1954இல் வடக்கே நிலத்தடி நீர் பாய்ச்சிய பயிர்கள் கருகவே, 1956இல் தார் விரித்த ‘எஃப்’ குட்டையை வெட்டினார்கள். பரப்பு 93 ஏக்கர். அதுவும் கசிந்தது. 1987இல் சூப்பர்ஃபண்ட் பட்டியலில் (அமெரிக்கக் கூட்டாட்சியின் மாசுநீக்கப் பட்டியல்) சேர்ந்த இடம், 2010இல் பெரும்பணி முடிந்து இன்று வனவிலங்குக் காப்பகம்.

ஆனால் எல்லா மாசும் வெளியேறவில்லை. கழிவின் பெரும்பகுதி அங்கேயே புதைக்கப்பட்டு மூடப்பட்டிருக்கிறது. அதனால் வீடு கட்டக்கூடாது, பயிர் வைக்கக்கூடாது, கிணற்று நீரைக் குடிக்கக்கூடாது, பிடித்த மீனை உண்ணக்கூடாது என்ற தடைகள் நிலத்தின்மேல் நிற்கின்றன. இவற்றைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. பரிந்துரை தேவை.

– செ.

*

> படிப்பவர் ஏதோ கம்பெனி நிர்வாகம் என்றுதான் எண்ணுவார்.

உண்மை. புதுச்சொல் தேடுமுன் பத்திரப்பதிவில் புழங்கும் சொல்லைப் பாருங்கள்: ‘வில்லங்கம்’. நிலம் கைமாறினாலும் கூடவே போகும், பதிவேட்டில் ஏறும், வாங்குபவர் முன்கூட்டியே தேடிப் பார்க்க வேண்டும். மூன்றும் இதற்குப் பொருந்துகின்றன. ‘மாசு வில்லங்கம்’ என்றால் விளக்கமே வேண்டாம்.

சோதித்துப் பார்க்க ஓர் இடம் உண்டு. ஆயுதச்சாலையின் மேற்கு ஓரத் துண்டு காமர்ஸ் சிட்டி நகராட்சிக்கு விற்கப்பட்டது. 2007இல் திறந்த கால்பந்து அரங்கம் அந்தப் பக்கம்தான். உரிமையாளர் மாறினார், குடியிருப்பும் ஆலையும் கூடாது என்ற தடை மாறவில்லை. இது வில்லங்கம் அல்லாமல் வேறென்ன?

– மு.

*

மு. ஐயாவின் சொல் அழகானது, மக்கள் வாயில் இருப்பது. ஆனாலும் இரண்டு இடறல்.

முதலாவது, கடன் அடைந்தால் வில்லங்கம் தீரும். இங்கே தீர்வதற்கு வழியில்லை. 1962 முதல் 1966 வரை 3,671 மீட்டர் ஆழத் துளைக்கிணறு வழியே கழிவை அழுத்தி இறக்கினார்கள். நிலநடுக்கங்கள் வரத் தொடங்கியதால் நிறுத்தினார்கள். நிறுத்திய மறு ஆண்டுதான் மிகப் பெரிய நடுக்கம் வந்தது என்பது வேறு கதை. அந்தக் கழிவை எவரும் திரும்ப எடுக்கப் போவதில்லை.

இரண்டாவதுதான் முக்கியம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை ‘இன்ஸ்டிடியூஷனல் கன்ட்ரோல்’ஐ நான்காகப் பிரிக்கிறது: அரசு விதிகள் (மண்டலச் சட்டம், கிணறு அனுமதி), சொத்துரிமை வழித் தடைகள், அமலாக்க ஆணைகளும் உடன்படிக்கைகளும், வெறும் தகவல் அறிவிப்புகள். வில்லங்கம் இவற்றில் இரண்டாவதை மட்டுமே பிடிக்கும். ஆயுதச்சாலையின் முதன்மைத் தடைகளோ 1989 கூட்டாட்சி உடன்படிக்கையிலும் 1992 காப்பகச் சட்டத்திலும் உள்ளன. காப்பகத்தின் உள்பகுதி விற்பனைக்கே வராதது. அதற்கு யார் வில்லங்கம் பார்ப்பார்?

ஒரே தடையை நாலு கருவியிலும் எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு. பத்திரத்தில் எழுதிய வாசகம் மறு விற்பனையில் விடுபடலாம். நிலத்துக்கு ஓர் அலுவலகம், கிணற்றுக்கு வேறோர் அலுவலகம் அனுமதி தருவதால், ஒன்றுக்குத் தெரிந்தது மற்றதற்குத் தெரியாமல் துளை போட்டுவிடலாம். ஒன்று தவறினால் மற்றது பிடிக்க வேண்டும். எனவே நான்கையும் அடக்கும் சொல்லே தேவை. ‘பயன்வரம்பு’ எப்படி?

– தே.

*

‘வரம்பு’ இளகிப் போகிறது. வேக வரம்பு, வயது வரம்பு என்று எதற்கும் வருகிறது. நெருக்கமான சொல் தளை. கட்டிப்போடுவதும் அதுவே, கட்டப்பட்ட நிலையும் அதுவே. எங்கட பக்கம் காணி உறுதியில் (நிலப் பத்திரத்தில்) எழுதினாலும் சரி, சட்டத்தில் எழுதினாலும் சரி, தளை தளைதான்.

முதலில் ‘பயன் + தளை’ என்று சேர்த்துப் பார்த்தேன். புணர்ச்சி விதிப்படி ‘பயற்றளை’ ஆகிறது. பயற்றங்காய்க்கும் ஆயுதச்சாலைக்கும் முடிச்சுப் போட்டது போல. ஆகவே ‘நிலத்தளை’. பயன் என்ற சொல் இதில் இல்லையே என்று கேட்கலாம். எந்தப் பயனுக்குத் தடை என்பதைக் கிளைச்சொல்லில் வைக்கலாம்: குடியிருப்புத் தளை, நீரெடுப்புத் தளை, வேளாண் தளை. தலைச்சொல் சொல்ல வேண்டியது ஆளை விட்டாலும் நிலத்தை விடாது என்பதைத்தான்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. இதற்கு இணையான ‘எஞ்ஜினியரிங் கன்ட்ரோல்’ஐத் ‘தடுப்பு’ என்றால் சோடி அமைந்துவிடும். ஆயுதச்சாலையில் தடுப்புகள் இரண்டு வகை. வடக்கு எல்லையில் மண்ணுக்குள் பெண்டோனைட் களிமண் சுவர். அதன் மேல்புறம் கிணறுகளால் நீரை இழுத்து, குறுணைக் கரியூட்டிய தொட்டிகளில் வடித்து, கீழ்ப்புறம் திரும்ப மண்ணுக்குள் விடுகிறார்கள். கரி நிறைந்ததும் மாற்ற வேண்டும், பம்பு நிற்கக்கூடாது. மற்றது கழிவு மேலுள்ள மூடாக்கு. குறைந்தது 4 அடி மண், அதன்மேல் நாட்டுப் புல். மழைநீர் கீழே போகுமுன் புல்லும் வெயிலும் அதை உறிஞ்சிவிடும். மண்ணுக்கு அடியில் உடைத்த கொங்கிரீட் அடுக்கு. பழைய ஸ்டேப்பிள்டன் விமானநிலைய ஓடுபாதையின் கொங்கிரீட்டும் அதில் சேர்ந்தது. பிரெய்ரி நாய்கள் (நாயல்ல, அணில் இனம்) வளை தோண்டிக் கழிவைத் தொடாதிருக்க இந்த ஏற்பாடு. அந்த அடுக்குக்கு ‘வளைத்தடை அடுக்கு’ என்று பெயர் வைப்போம்.

தடுப்புக்குக் காவல் தளை. மூடாக்கைத் தோண்டக்கூடாது என்ற தளை இல்லாவிட்டால் ஒரு குழாய் பதிக்கிறவர் 4 அடியையும் ஒரே நாளில் தாண்டிவிடுவார்.

– யோ.

*

‘நிலத்தளை’க்கு என் வாக்கும். ஒன்று மட்டும் உறுத்துகிறது. தே. சொன்ன நான்காவது வகை எவரையும் கட்டுவதில்லை. புதிதாகக் கிணறு வெட்ட விண்ணப்பிப்பவருக்கு ‘இங்கே நீர் மாசடைந்திருக்கலாம்’ என்று தெரிவிப்பது அறிவிப்பு, தளையல்ல. கட்டாததைத் தளை என்று எழுதினால் படிப்பவர் ஏமாறுவார். எல்லைக்கு வெளியே வடக்கில் வெறும் அறிவிப்பு போதாது என்பதால்தான், தெற்கு ஆடம்ஸ் மாவட்டக் குடிநீர் அமைப்புக்கு 4,000 ஏக்கர்-அடி (ஓர் ஏக்கரில் ஓரடி ஆழம் நிற்கும் நீர் ஓர் ஏக்கர்-அடி) நீர் ஏற்பாடு செய்யவும் குழாய் இணைப்புக் கொடுக்கவும் மாசுநீக்க வழியை முடிவுசெய்த 1996 தீர்வாணை சொன்னது.

– மு.

*

மு. ஐயா சொல்வது சரி. மூலத்தின் வகைப்பாட்டை அப்படியே தமிழில் சுமக்க வேண்டியதில்லை. பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்:

நிலக்காப்பு: மாசு எஞ்சிய நிலத்தில் மக்களை அதனிடமிருந்து விலக்கி வைக்கும் ஏற்பாடுகள் அனைத்தும். படைத்துறை ஆவணங்களில் வரும் ‘லேண்ட் யூஸ் கன்ட்ரோல்’ இது.
தடுப்பு: சுவர், மூடாக்கு, வேலி, நீர் வடிப்பு.
நிலத்தளை: சட்டம், உடன்படிக்கை, ஆணை, பத்திரம் வழியே நிலத்தின் பயனைக் கட்டுவது.
மாசறிவிப்பு: கட்டாது, தெரிவிக்கும்.

மூலத்தில் ‘இன்ஸ்டிடியூஷனல் கன்ட்ரோல்’ நான்கு வகையையும் சேர்த்து வரும் இடங்களில் ‘நிலத்தளையும் மாசறிவிப்பும்’ என்று விரித்து எழுதலாம். ‘வில்லங்கம்’ பத்திர வழித் தளைக்கு விளக்கக் குறிப்பில் இருக்கட்டும்.

காப்பகத்தின் ஏரிகளில் மீன்பிடிப்போருக்கான விதி இனி ஒரே வரியில் அடங்குகிறது: ‘உண்தளை உண்டு, பிடித்த மீனைத் திரும்ப நீரில் விடவும்.’ உண்தளை கொஞ்சம் கரடுமுரடுதான். ‘உணவுத் தளை’ என்றால் பத்தியம் போலத் தோன்றுகிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் தீர்வு மறுஆய்வுக்கும் சொல் வேண்டும்; அதைத் தனி இழையில் தொடங்குகிறேன்.

– செ.