நீனா சிமோனை அந்தத் தேவாலயத்துக்குள் நிறுத்தியது சரியா?

பழையதட்டு: அமெரிக்கக் கறுப்பினப் பாடகி நீனா சிமோனைப் பற்றி கிறிஸ்டினா ஹாம் எழுதிய ‘நீனா சிமோன்: ஃபோர் விமன்’ இசை நாடகத்தில் எனக்கு ஒரு பெரிய குறை. அலபாமா மாநிலத்துப் பர்மிங்காமில் 16ஆம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டு வெடித்து நான்கு கறுப்பினச் சிறுமிகள் செத்த மறுநாள், 1963 செப்டம்பர் 16, அந்த இடிபாட்டுக்குள் நீனா நிற்பதாகக் கதை. அவர் அங்கே போகவே இல்லை. நியூயார்க் பக்கம் தன் வீட்டில் செய்தி கேட்டார், ஆத்திரத்தில் கையில் கிடைத்ததை வைத்துத் துப்பாக்கி செய்யப் பார்த்தார், கணவர் வந்து உனக்குத் தெரிந்தது இசைதானே என்றதும் உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்குள் ‘மிசிசிப்பி காட்டாம்’ என்ற கண்டனப் பாட்டை எழுதி முடித்தார். இதைவிட நல்ல காட்சி யாருக்குக் கிடைக்கும்?

மேடைக்காரி: அந்த அறையில் ஒருத்தியும் ஒரு பியானோவும்தான். அதை வைத்துக்கொண்டு நாடகம் எப்படி நடத்துவது? ஹாம் நீனாவின் ‘ஃபோர் விமன்’ பாட்டிலிருந்து சாரா, சஃப்ரோனியா, ஸ்வீட் திங் மூவரையும் கூட்டி வந்து நீனாவோடு மோத விடுகிறார். தோல் நிறம், வர்க்கம், கறுப்பர் உரிமைப் போராட்டத்தில் பெண்களுக்கு என்ன இடம் என்று அவர்கள் சண்டை போடும்போதுதான் நீனா எதற்காகக் கொதித்தார் என்பது புரிகிறது.

பழையதட்டு: அந்தப் பாட்டே 1966இல் வந்தது! 1963இல் அவர்களுக்கு என்ன வேலை? விவரம் தெரியாமல் பார்க்கிறவர் நீனா பர்மிங்காமில் இருந்தார் என்றே நம்பிவிடுவார்.

மேடைக்காரி: பாட்டுக்குள் இருந்த பெண்கள் எழுந்து வந்து பேசுகிறார்கள், அதை யாரும் செய்தி என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கடைசிவரிசை: இரண்டு பேரும் ‘மிசிசிப்பி காட்டாம்’ பாட்டின் 1964 கார்னகி ஹால் கச்சேரிப் பதிவைக் கேளுங்கள். இது ஒரு நாடகப் பாட்டு, ஆனால் இதற்கான நாடகம் இன்னும் எழுதப்படவில்லை என்று பாட்டு நடுவிலேயே நீனா சொல்வார். சனம் சிரிக்கும். அப்புறம் பாட்டு போகப்போக அந்தச் சிரிப்பு காணாமல் போய்விடும். நாடகம் இன்னும் வரவில்லை என்று அவரே சொன்ன பிறகு, ஒருவர் எழுதியதில் எனக்குத் தப்பே தெரியவில்லை.

பழையதட்டு: எழுதட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொந்த ஊரான டிரையனில் சிறுமியாகப் பியானோ வாசித்தபோது, வெள்ளையர் உட்காரத் தாய் தகப்பனை முன்வரிசையிலிருந்து எழுப்பிவிட்டார்கள், அவர்களைத் திரும்ப உட்கார வைக்கும் வரை வாசிக்க மாட்டேன் என்று நின்ற பிள்ளை அவர். அந்தப் பிடிவாதம் நடந்த இடத்திலேயே நடந்தபடி மேடையில் வர வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.