டிதரிங்: ஒரு சொல் போதுமா, இரண்டு வேண்டுமா?

குழுவினருக்கு வணக்கம். ஸ்டெல்லேரியம், கேஸ்டார்ஸ் என்ற இரண்டு வானியல் மென்பொருள்களையும் தமிழாக்கும்போது ‘டிதரிங்’ (dithering) என்பதற்கு என்ன சொல் போடுவது என்ற பேச்சில், தில்லி அண்ணன் இப்படி எழுதியிருந்தார்:

> ஸ்டெல்லேரியத்துக்கும் கேஸ்டார்ஸுக்கும் சேர்த்து ஒரே சொல்லாகப் போட்டுவிடலாம். ஆங்கிலத்தில் ஒன்றுதானே? என் ஓட்டு ‘சிதறல்’.

தில்லி அண்ணன் சொல்வதில் இரண்டு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. சின்னதை முதலில் முடித்துவிடுகிறேன். ‘சிதறல்’ ஏற்கெனவே வேலையில் இருக்கிற சொல். வானம் நீலமாகத் தெரிவதே ஒளிச்சிதறலால்தான். அந்த நீலத்தைத் திரையில் ஒழுங்காகக் காட்டும் உத்திக்கும் அதே பெயரை வைத்தால், மென்பொருளில் வளிமண்டல அமைப்புகளை (செட்டிங்ஸ்) திறக்கிற பிள்ளைகள் எது எதுவென்று தெரியாமல் முழிப்பார்கள். ராமனுக்கு 1930இல் நோபல் வாங்கிக் கொடுத்த சொல்லை அதன் இடத்திலேயே விட்டுவிடுவோம்.

பெரிய விஷயம், ஆங்கிலத்தில் ஒன்றாக இருப்பது வேலையில் ஒன்று இல்லை.

ஸ்டெல்லேரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 அக்டோபரில் வந்த 1.0 பதிப்பில் அடித்தளமான க்யூட்டி (Qt) நிரல்தொகுப்பின் 6ஆம் பதிப்புக்கு மாறினார்கள், நகர வெளிச்சம் வானத்தில் பரவுவதைக் காட்டும் முறையை மாற்றினார்கள், டிதரிங்கையும் மேம்படுத்தினார்கள். இது எதற்கு என்று தெரிய, ஒரு பழைய மடிக்கணினியில் டிதரிங்கை அணைத்துவிட்டு, பெங்களூரை இடமாக வைத்து, மாலை ஆறே முக்காலுக்கு நேரத்தை நிறுத்தி மேற்கே பாருங்கள். அடிவானத்திலிருந்து மேலே போகப்போக ஆரஞ்சு நீலமாக வழுக்கிக்கொண்டு போக வேண்டும். வழுக்காது. வரி வரியாக, விளிம்பு தெரிகிற பட்டைகளாக நிற்கும். காரணம் கணக்குதான். சாதாரணத் திரையில் ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட், அதாவது 256 படி. விலை குறைந்த திரைகள் பலவற்றில் 6 பிட்தான், 64 படி. ஆயிரம் பிக்சல் உயரத்தில் நீலம் நாற்பது படிதான் மாறுகிறது என்றால், ஒரு படிக்கு இருபத்தைந்து வரிசை அகலத்தில் பட்டை விழும். கண்ணுக்கு அது உறுத்தும்.

டிதரிங் என்ன செய்கிறது? ஓரிடத்தில் நிறம் 100.3 ஆக இருக்க வேண்டும், திரைக்கு 100 தெரியும், 101 தெரியும், நடுவில் எதுவும் தெரியாது. அதனால் அங்கே பத்துப் பிக்சலில் ஏறக்குறைய மூன்றுக்கு 101, மற்றவற்றுக்கு 100 என்று கலந்து விடுகிறது. கண் அதைச் சேர்த்துப் பார்த்து 100.3 என்று வாங்கிக்கொள்கிறது. இரண்டு கலர் கோலப்பொடி சேரும் விளிம்பில், கோடு தெரியாமல் இருக்க ஒன்றின் மேல் மற்றதை லேசாகத் தூவுவோமே, அதேதான். எனவே என் பரிந்துரை ‘நிறத்தூவல்’. ‘இரைச்சல் சேர்ப்பு’ என்று போன மடலில் ஒருவர் எழுதியிருந்தார். உள்ளே நடப்பது அதுதான், தவறில்லை. ஆனால் அமைப்புப் பெட்டியில் ‘இரைச்சல் சேர்ப்பு’ என்று ஒரு வரியைப் பார்த்தால் நீங்கள் முதல் வேலையாக என்ன செய்வீர்கள்? அணைப்பீர்கள்.

இனி கேஸ்டார்ஸ். அதற்குள் தொலைநோக்கியையும் கேமராவையும் இயக்கும் ஈகோஸ் என்ற பகுதியில் வரும் டிதரிங்குக்குத் திரையோடு தொடர்பே இல்லை. அது வான்படம் எடுப்பவர்களின் வேலை. ஒரு படம் எடுத்து முடிந்ததும் தொலைநோக்கியைச் சில பிக்சல் அளவுக்கு நகர்த்தி, அசைவு அடங்கக் காத்திருந்து, அடுத்த படத்தை எடுப்பது. குளிர்விக்காத கேமராவை வைத்துக்கொண்டு ஏப்ரல் ராத்திரியில் கோலார் பக்கம் போய் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், சென்சார் சூடேற ஏற ஹாட் பிக்சல் கூடும், சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் அதே இடத்திலேயே குந்தியிருக்கும். தொலைநோக்கி நகர்ந்திருந்தால், விண்மீன்களைப் பொருத்திப் படங்களை அடுக்கும்போது அந்தப் புள்ளிகள் படத்துக்குப் படம் வேறு வேறு இடத்தில் விழும். ஒரே ஒரு படத்தில் மட்டும் தெரிவதை அடுக்கும் நிரல் தள்ளிவிடும். நகர்த்தாவிட்டால் எல்லாம் ஒரே திசையில் இழுபட்டு, மழைச்சாரல் மாதிரி கோடுகளாக வந்து நிற்கும். அதற்கப்புறம் எந்த மென்பொருளாலும் அதை முழுசாகத் துடைக்க முடியாது.

இதில் எதையும் தூவவில்லை. நகர்த்துகிறோம். ‘சிறுபெயர்ச்சி’ என்று ஒரு யோசனை வந்தது. சொல் அழகுதான். ஆனால் வானியல் மென்பொருளில் பெயர்ச்சி என்று போட்டால் எந்த ராசிக்கு என்ன பலன் என்று கேட்டு மடல் வரும். எனவே ‘சிறுநகர்வு’.

நம் சொற்கோவையில் ஆங்கிலச் சொல் ஒரே வரிசையில் இருப்பதால் சிக்கல் என்று தோன்றலாம். வரிசையை இரண்டாக்கி, ஒன்றில் ‘திரைக்காட்சி’, மற்றதில் ‘வான்படம்’ என்று சூழல் குறிப்பு போட்டால் தீர்ந்தது. இரண்டு மென்பொருளுக்கும் மொழிபெயர்ப்புக் கோப்பு தனித்தனி, ஒன்று மற்றதைத் தொடாது.

———

மறு: டிதரிங்

வணக்கம். மும்பையிலிருந்து எழுதுகிறேன், பிழைப்பு ஒலிப்பதிவில். ‘சிறுநகர்வு’ சரி. ஆனால் ‘நிறத்தூவல்’ என்று நிறத்தோடு கட்டிப்போட்டால் எங்களுக்கு இடமில்லாமல் போகும். 24 பிட் பதிவை 16 பிட்டாக இறக்கும்போது நாங்களும் டிதர் போடுகிறோம். மெல்லிய ஓசை தேய்ந்து மறையும் இடத்தில் கரகரப்பு வராமல் இருக்க, தெரிந்தே கொஞ்சம் இரைச்சலைச் சேர்ப்போம். காரணமும் அதேதான், படிகள் போதவில்லை. பாதி பேர் ‘டிதர் போட்டாச்சா’ என்றுதான் இனியும் கேட்பார்கள், அது வேறு கதை.

———

மறு: மறு: டிதரிங்

நன்றி. அப்படியானால் வேர்ச்சொல் ‘தூவல்’ மட்டும் இருக்கட்டும். திரையில் நிறத்தூவல், ஒலியில் ஒலித்தூவல், சூழல் தெளிவாக இருக்கும் இடத்தில் வெறும் தூவல். தூவல் என்றால் பேனா என்று தனித்தமிழ் அன்பர்கள் கொடி பிடிக்கலாம். அமைப்புப் பெட்டியில் ‘தூவல்: 8/8/8 பிட்’ என்று இருப்பதைப் பார்த்து யாரும் மை நிரப்பப் போவதில்லை.

தில்லி அண்ணா, உங்களுக்குச் சம்மதமா? ஞாயிற்றுக்கிழமை வரை பார்த்துவிட்டு இரண்டு வரிசைகளையும் ஏற்றிவிடுகிறேன். அடுத்து நகர வெளிச்சத்தால் வானம் வெளுத்துப்போவதற்கான ‘ஸ்கைக்ளோ’ காத்திருக்கிறது. ‘ஒளிமாசு’ அதற்குச் சரிவராது, அது காரணம், இது விளைவு. தயவுசெய்து ‘வானொளி’ என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள், வாய்விட்டுப் படித்தால் ரேடியோப் பெட்டி ஆகிவிடும்.