டூமா: 2018ல நடந்ததுக்கு 2023ல ரிப்போர்ட் ஏன்?

கார்த்தி: (ஃபார்வர்டு) "சிரியாவில் டூமா தாக்குதலில் சாரின் இல்லை என்று லேப் உறுதி செய்தது. ரசாயன ஆயுதமே கட்டுக்கதை!"
இது நிஜமா சித்தப்பா?

ரவி சித்தப்பா: பாதி நிஜம். அதான் வில்லங்கம். டூமா டமாஸ்கஸ் பக்கத்து ஊர், 2018 ஏப்ரல்ல அங்க வாயு அடிச்சாங்க. ரசாயன ஆயுதத் தடை அமைப்போட உண்மை அறியும் குழு 2019 மார்ச் 1ல ரிப்போர்ட் குடுத்துச்சு. சாரின் மாதிரி நரம்பு விஷம் எதுவும் சிக்கலைன்னு அதுலயே இருக்கு. குளோரின் பயன்படுத்தினதா நம்ப நியாயமான ஆதாரம் இருக்குன்னும் அதுலயேதான் இருக்கு. ரெண்டாவதை வெட்டிட்டு அனுப்புறாங்க.

கார்த்தி: குளோரின் தண்ணி சுத்தம் பண்றதாச்சே, அது எப்படி ஆயுதமாகும்?

மாலா அத்தை: ரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தம் பொருளை மட்டும் பாக்கல கார்த்தி, எதுக்காகப் பயன்படுத்துறாங்கன்னு பாக்குது. குளோரின் தடைப் பட்டியல்ல இல்லை. வச்சிருக்கலாம், விக்கலாம், வாங்கலாம். ஆளைக் கொல்ல வீசின நிமிஷமே அது ரசாயன ஆயுதம்.

நந்தினி: வீடியோவுலயே ஓரளவு வித்தியாசம் தெரியும். சாரின்னா கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கிடும், வாயில நுரை, வலிப்பு. அதுக்கு அட்ரோபின் போடணும். குளோரின்னா கண் எரிச்சல், விடாத இருமல், அப்புறம் நுரையீரல்ல நீர் கோத்துக்கும். அதுக்கு மாற்று மருந்து கிடையாது, ஆக்சிஜன்தான். ஆனா வீடியோவை வச்சு எந்தக் குழுவும் முடிவு எழுதாது.

நந்தினி: இன்னொண்ணு, ரெண்டுமே காத்தை விடக் கனம். குண்டுக்குப் பயந்து ஜனங்க பாதாள அறைக்குள்ள போவாங்க, வாயுவும் அங்கதான் இறங்கும். ஷெல்லடிக்குக் கீழ போகணும், வாயுவுக்கு மேல ஏறணும். ரெண்டும் ஒரே ராத்திரில வந்தா ஜனங்க என்ன பண்ணுவாங்க?

ரவி சித்தப்பா: லேப் பக்கமும் அதே மாதிரி, ரெண்டுக்கும் தடயம் வேற வேற. சாரின் ஆவியாயிடும், ஆனா அது சிதைஞ்சு வர்ற அமிலம் மண்ணுல தங்கும். ரத்தப் புரதத்துல ஒட்டினது பல வாரம் கழிச்சும் தெரியும். அதனாலதான் 2013 ஆகஸ்ட் 21ல டமாஸ்கஸ் பக்கத்து கூட்டா (Ghouta) பகுதியில நடந்த தாக்குதலை உடனே உறுதிப்படுத்த முடிஞ்சுது. ஐ.நா. குழு ஏற்கெனவே டமாஸ்கஸ்ல இருந்துச்சு, 26ஆம் தேதி போய் சாம்பிள் எடுத்துச்சு, செப்டம்பர் 16ல ரிப்போர்ட். நடுவுல அவங்க வண்டி மேல துப்பாக்கிச் சூடு வேற.
குளோரின் அப்படி இல்லை. உடம்புல நம்பகமான அடையாளம் விடாது. மரத்துல இருக்குற பிசின் குளோரினோட சேர்ந்து உண்டாகுற சேர்மங்களைத் தேடணும். வீட்டு ப்ளீச்சிங் கூட சில குளோரின் சேர்மத்தை உண்டாக்கும், அதனால வாயு படாத இடத்து மரம், கான்கிரீட்டும் ஒப்பீட்டுக்கு வேணும். அது சரியா கிடைக்கலைன்னா வாதாட இடம் விட்டாச்சு.

கார்த்தி: சாம்பிளை யாராவது மாத்திட்டா?

ரவி சித்தப்பா: அதுக்குத்தான் அந்தக் கெடுபிடி. எடுக்கும்போதே போட்டோ, இடக் குறியீடு, நம்பர் போட்ட சீல். அமைப்போட சொந்த லேப்ல சீல் உடையலைன்னு பாத்துதான் பிரிப்பாங்க. அங்கேருந்து குறைஞ்சது ரெண்டு அங்கீகரிச்ச லேபுக்குப் போகும். கூடவே ஒண்ணும் இல்லாத சாம்பிளும், வேணும்னே ரசாயனம் கலந்த சாம்பிளும் போகும். எது எதுன்னு லேபுக்குத் தெரியாது. ரெண்டு லேப் முடிவும் ஒத்துப்போகணும்.

ரவி சித்தப்பா: 2017 ஏப்ரல் 4ல சாரின் அடிச்ச சிரியா ஊர் கான் ஷேக்குன்ல இதான் இடிச்சுது. பாதுகாப்பில்லைன்னு உண்மை அறியும் குழு அந்த ஊருக்கே போகலை, சாம்பிளை மத்தவங்க கொண்டு வந்து குடுத்தாங்க. "சாம்பிள் யார் கைலேருந்து யார் கைக்குப் போச்சுங்கற சங்கிலி அறுந்துபோச்சு, செல்லாது"ன்னு ரஷ்யா பிடிச்சுக்கிச்சு. ஆனா சிரியா அரசே தனியா எடுத்துக் குடுத்த சாம்பிள்லயும் சாரின் இருந்துச்சு! 2014ல சிரியா ஒப்படைச்ச சாரின் மூலப்பொருளோட சாம்பிள் பத்திரமா இருந்துச்சு, அதுல இருந்த கலப்படமும் இதுல இருந்ததும் ஒத்துப்போச்சு.

மாலா அத்தை: ரவி, டூமா முடிவுக்கு 5 வருஷம் ஆனதுக்கு அது மட்டும் காரணம் இல்லை. உண்மை அறியும் குழுவுக்கு "நடந்துச்சா" மட்டும்தான் கேள்வி. "யார் பண்ணா"ன்னு எழுத அதிகாரமே குடுக்கலை. அதுக்குத் தனியா ஐ.நா.வும் அமைப்பும் சேர்ந்த கூட்டுக் குழு 2015ல வந்துச்சு. கான் ஷேக்குனுக்கு சிரியா அரசுதான் பொறுப்புன்னு 2017 அக்டோபர்ல சொன்னாங்க. அதுக்கு முன்னாடி மாரியாங்கற சிரியா ஊர்ல கடுகு வாயு அடிச்சது ஐ.எஸ். தீவிரவாதிங்கதான்னும் சொன்னவங்க இவங்கதான், ஒரு பக்கச் சார்புன்னு தள்ளிட முடியாது. நவம்பர்ல நீட்டிப்பு ஓட்டுக்கு வந்தப்போ ரஷ்யா வீட்டோ. குழு கதை முடிஞ்சுது.

மாலா அத்தை: அதனால 2018 ஏப்ரல் 7 டூமா நடந்தப்போ ரசாயனத் தாக்குதல்னா "யார்"னு கண்டுபிடிக்கன்னே இருந்த குழு இல்லை. ஜூன்ல நெதர்லாந்து ஹேக் நகரத்துல அமைப்போட உறுப்பு நாடுகள் 82-24ன்னு ஓட்டுப் போட்டு அமைப்புக்கே அந்த அதிகாரத்தைக் குடுத்தாங்க. அங்க வீட்டோ கிடையாது. அப்படி வந்த விசாரணைக் குழுதான் 2023 ஜனவரி 27ல முடிவு சொல்லுச்சு: சிரியா விமானப்படை ஹெலிகாப்டர் ரெண்டு மஞ்சள் சிலிண்டரைப் போட்டுச்சு, 43 பேர் சாவு.

கார்த்தி: சிலிண்டரைக் கையால வச்சாங்கன்னு லீக்கான ரிப்போர்ட் ஒண்ணு சுத்துதே அத்தை?

ரவி சித்தப்பா: அது அமைப்புக்குள்ளேயே இருந்த ஒரு மாற்றுக் கருத்து. இருந்தது நிஜம்தான், மறைக்க வேண்டியதில்லை. விசாரணைக் குழு அந்தக் கோணத்தையும் எடுத்து, வெளி நிபுணர்களை வச்சு விழுந்த பாதை, ஸ்லாப்ல ஓட்டை, சிலிண்டர் நசுங்கினது எல்லாத்தையும் திரும்பக் கணக்குப் போட்டுப் பாத்துச்சு. கையால வச்சதுங்கறது ஆதாரத்தோட பொருந்தலை.

நந்தினி: அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் ஏவுகணை அடிச்சது எப்போ?

மாலா அத்தை: 2018 ஏப்ரல் 14. உண்மை அறியும் குழு டமாஸ்கஸ் வந்து சேர்ந்ததும் அன்னைக்குத்தான்! டூமாவுக்குள்ள போக முடிஞ்சது 21ஆம் தேதி. அடி முதல்ல, விசாரணை அப்புறம். எனக்கு இதுல ஒப்புதல் இல்லை, பின்னாடி வந்த ரிப்போர்ட்டோட மதிப்பையே அது குறைச்சிருச்சு.

கார்த்தி: கடைசில தண்டனைதான் என்ன?

மாலா அத்தை: 2021 ஏப்ரல்ல அமைப்புல சிரியாவோட ஓட்டுரிமையை நிறுத்தினாங்க. அவ்வளவுதான். சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துல சிரியா உறுப்பினர் இல்லை, பாதுகாப்புச் சபை வழியா அனுப்பப் பாத்ததை 2014ல ரஷ்யாவும் சீனாவும் தடுத்தாச்சு. பிரான்ஸ் கோர்ட் 2023 நவம்பர்ல சிரியா அதிபர் அசாத் மேல கூட்டா (Ghouta) தாக்குதல் வழக்குல வாரன்ட் போட்டுச்சு. அப்போ அவர் பதவியில இருந்தார்ங்கற காரணத்துக்காக 2025 ஜூலைல மேல் கோர்ட் ரத்து பண்ணிருச்சு. இப்போ பதவியில இல்லை, புதுசாப் போட வழி இருக்குன்னும் சொல்லுச்சு, அப்புறம் புது வாரன்ட்டும் போட்டாங்க.

ரவி சித்தப்பா: கணக்கும் இன்னும் நேராகலை. 2013ல சிரியா கணக்குக் காட்டின சுமார் 1,300 டன் ரசாயனத்தை அழிச்சாங்க. ஆனா அந்த அறிவிப்புல இருந்த 26 ஓட்டைல, அசாத் விழுந்த 2024 டிசம்பர் வரைக்கும் 19 அடைபடலை. இப்போ புது அரசு கதவைத் திறந்திருக்கு. பழைய லேப் காகிதமும் ஆட்களும் கிடைக்கிறதைப் பொறுத்துதான் மீதி.

கார்த்தி: சரி, அந்த ஃபார்வர்டை டெலீட் பண்ணிடவா?

நந்தினி: இங்க பண்ணு. எந்த குரூப்ல இருந்து வந்துச்சோ அங்க சித்தப்பாவோட முதல் மெசேஜைப் போடு.