ஒரு மாதம் தாண்டிவிட்டது: விளக்கமறியலில் இருப்பவர் அடிப்படை உரிமை மனுப் போடலாமா?

உப்புவெளிக்காரி:
திருகோணமலையில் விளக்கமறியலில் இருக்கும் ஒருவர் சம்பந்தமாகக் கேட்கிறேன். பெப்ரவரி 10 கைது, பொலிஸ் நிலையத்தில் வைத்து அடி. மறுநாள் நீதவான் விளக்கமறியலுக்கு அனுப்பினார். தாய் பெப்ரவரி 27 அன்று மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்து, இலக்கம் எழுதிய துண்டு வைத்திருக்கிறா. இன்றைக்கு மார்ச் 24. "மாதம் முடிஞ்சுது, மனுவைத் தள்ளுபடி செய்துபோடுவினம்" என்கிறார் ஒருவர். "ஆணைக்குழுவுக்குப் போனாலே கெடு நிண்டிடும்" என்கிறார் இன்னொருவர். எது சரி?

கன்னியா_வெந்நீர்:
இரண்டுமே அரைகுறை. அரசியலமைப்பின் 126(2) படி மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போகவேண்டும். (கொழும்பில் புதுக்கடையில் இருக்கிறதே, அது. நம்மூர் மேல் நீதிமன்றத்தில் இதைப் போட முடியாது. பெயர் குழம்பி அங்கே இங்கே அலைந்தே பலர் நாளைத் தின்றுவிடுகிறார்கள்.) 1996 இன் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டம், பிரிவு 13(1), அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு போயிருந்தால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலத்தைக் கணக்கில் எடுப்பதில்லை என்கிறது. "விசாரணை" என்ற சொல்லைக் கவனியுங்கள். முறைப்பாட்டுத் துண்டு மட்டும் போதாது என்று உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லிவிட்டது. ஆணைக்குழு பொலிஸிடம் அறிக்கை கேட்டதா, வாக்குமூலம் எடுத்ததா, விசாரணைக்குத் திகதி கொடுத்ததா? அதை எழுத்தில் வாங்குங்கள். ஆணைக்குழு அலுவலகத்தில் "விசாரணை நடக்கிறது" என்று ஒரு கடிதம் கேட்டாலே தருவார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள், பிரதியில் பெற்றதற்கான முத்திரை வாங்குங்கள்.

இன்னொன்று: கெடு திரும்ப முதலிலிருந்து தொடங்காது. மார்ச் 10 வரையான கெடுவில் 27ஆம் திகதிக்குள் 17 நாள் போய்விட்டது. அன்றே விசாரணை தொடங்கியிருந்தாலும், அது முடிந்தபின் மிச்சம் பதினொரு நாள்தான். பொலிஸ் மேலதிகாரிக்கோ, பொலிஸ் ஆணைக்குழுவுக்கோ, சிறை அத்தியட்சகருக்கோ எழுதியது எதையும் நிறுத்தாது.

கொட்டியாரக்குடா:
மேலே சொன்னது சரி. ஆனால் காவலில் இருப்பவருக்கு வேறொரு கதவும் உண்டு. முடியாததைச் சட்டம் கேட்காது என்ற அடிப்படையில், தடையில்லாமல் நீதிமன்றத்தை நாடக்கூடிய நாளிலிருந்தே மாதத்தைக் கணக்கிட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் முன்பே ஏற்றுக்கொண்டிருக்கிறது. இங்கேதான் ஆட்கள் தோற்கிறார்கள்: "சிறையில் இருந்ததால் தாமதம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எந்த நாள் சட்டத்தரணி முதன்முதல் சந்தித்தார், எந்த நாள் சந்திப்பு மறுக்கப்பட்டது, சத்தியக்கடதாசியில் கையெழுத்து வாங்க எத்தனை நாள் போனது, எல்லாம் திகதியோடு மனுவில் வரவேண்டும். பெப்ரவரி 11 அன்றே நீதவான் முன் அவருக்காக ஒரு சட்டத்தரணி தோன்றியிருந்தால் இந்த வாதம் மெலிந்துவிடும். எதிர்த்தரப்பு முதலில் பார்ப்பது அந்த வழக்கேட்டைத்தான். ஆகவே அதன் உறுதிப்படுத்திய பிரதிக்கு இன்றே மனுக் கொடுங்கள்.

சட்டத்தரணி வைக்க வழியே இல்லாவிட்டால், காவலில் இருப்பவர் கைப்பட எழுதி அனுப்பும் கடிதத்தையும் மனுவாக ஏற்க 1990 உயர் நீதிமன்ற விதிகள் இடம் தருகின்றன. பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வையுங்கள். இது நீதிமன்றத்தின் தற்றுணிபு, உரிமையல்ல.

உப்புவெளிக்காரி:
நன்றி. தாயே மனுதாரராகக் கையெழுத்து வைக்கலாமா? அவவின் பெயரில் போட்டால் சுகம்.

கன்னியா_வெந்நீர்:
வைக்க வேண்டாம். பாதிக்கப்பட்டவர் தானே, அல்லது அவர் சார்பில் சட்டத்தரணி என்றுதான் 126(2) சொல்கிறது. தாயின் சத்தியக்கடதாசியைச் சான்றாகச் சேருங்கள்: பார்க்கப்போன நாள், கண்ட காயம், எந்தக் கை, எந்தப் பக்கம் வீக்கம். சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டப்படவில்லை என்றால் நீதவானிடம் நகர்த்தல் பத்திரம் (கட்டளை கேட்கும் எழுத்து விண்ணப்பம்) கொடுத்துக் கட்டளை வாங்குங்கள், தழும்பு ஆற முதல். எதிர்மனுதாரர்களில் சட்டமா அதிபரும் இருக்கவேண்டும். தமிழ்ப் பத்திரங்களை மொழிபெயர்க்கச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் இப்பவே கொடுங்கள். கடைசி நாள் தேடினால் ஒருவரும் கிடைக்கமாட்டார்.

மனு பதிந்த பிறகும் தவணை தவறக்கூடாது. சிறையிலிருந்து அவரைப் புதுக்கடைக்குக் கொண்டுபோகமாட்டார்கள். சட்டத்தரணியும் வராத நாளில் மனு தள்ளுபடியாகலாம்.

கொட்டியாரக்குடா:
எல்லாம் கைவிட்டுப் போனால் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கு: இரண்டு வருடக் கெடு. அரச உத்தியோகத்தர்மீது போட முன்னர் ஒரு மாத எழுத்து அறிவித்தல் கொடுக்கவேண்டும், குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை பிரிவு 461. திருகோணமலையிலேயே சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது, நாளைக் காலையே துண்டையும் கொண்டு போகச் சொல்லுங்கள்.