புது கிளட்ச் போட்டும் ஸ்லிப் அடித்த லாரி

இன்ஜின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கிளட்ச் பிளேட் தேய்ந்துபோனால் மாற்றிவிடலாம், அதில் பெரிய சிக்கல் இல்லை. எதனால் தேய்ந்தது என்று பார்க்காமல் மாற்றினால்தான் தலைவலி. கனரக வண்டிகளில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் அப்படி ஒரு வண்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

பத்து சக்கர லாரி அது. கிளட்ச் செட் முழுவதும் வேறொரு இடத்தில் மாற்றி அதிக நாள் ஆகவில்லை, அதற்குள் மறுபடியும் ஸ்லிப், அதாவது பிளேட் பிடிக்காமல் வழுக்குகிறது. டிரைவர் காலைப் பெடலிலேயே வைத்து ஓட்டுகிறார், அதனால்தான் பிளேட் போகிறது என்று ஓனர் ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தார். டிரைவரோ, "காலையில எடுக்கும்போது நல்லாத்தான் இழுக்குதுண்ணே. சூடேறி மேட்டுல ஏறும்போதுதான் இன்ஜின் மட்டும் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது" என்றார்.

அந்தப் பேச்சில்தான் விஷயமே இருந்தது. பிளேட் தேய்ந்து மட்டும் போயிருந்தால், குளிர்ந்திருக்கும்போதும் ஓரளவு காட்டிக்கொடுக்கும். நின்ற நிலையில் ஹேண்ட் பிரேக் போட்டு, மேல் கியரில் மெதுவாகக் கிளட்சை விட்டுப் பார்த்தேன். இன்ஜின் டக்கென்று நின்றுவிட்டது, அதாவது பிடிமானம் இருக்கிறது. (இந்தச் சோதனையை ஒரு தடவைக்கு மேல் செய்யாதீர்கள், இருக்கிற பிளேட்டும் கருகிவிடும்.) சரி என்று லோடோடு ஓட்டிப் பார்த்தோம். சூடேறியதும் ஸ்லிப் ஆரம்பித்தது, கருகிய வாடையும் வந்தது.

வண்டியை ஓரம்கட்டிச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, கிளட்ச் பூஸ்டரில் (பெடலின் அழுத்தத்தைக் காற்றின் பலத்தால் கூட்டும் பாகம்) இருக்கும் பிளீடர் ஸ்குரூவை, அதாவது ஆயிலையும் அதில் சேர்ந்த காற்றையும் வெளியே விடும் திருகை, லேசாகத் திறந்தேன். பெடலில் யாரும் கால் வைக்கவில்லை. ஆனாலும் ஆயில் பீய்ச்சி அடித்தது. மூடிவிட்டு எடுத்தால் அதே மேட்டில் ஸ்லிப் இல்லாமல் ஏறியது. டிரைவர் மேல் போட்ட பழி அங்கேயே போய்விட்டது.

நடந்தது இதுதான். யாரோ பெடல் கீழே இருக்கிறது என்று பெடலிலிருந்து பிஸ்டனைத் தள்ளும் கம்பியான புஷ் ராடை நீட்டி வைத்திருக்கிறார்கள். ஃப்ரீ பிளே, அதாவது பிஸ்டனைத் தொடும் முன் பெடல் சும்மா போகும் இடைவெளி, சுத்தமாக இல்லை. அதனால் மாஸ்டர் சிலிண்டரின் (பெடலை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் பாகம்) பிஸ்டன் முழுதாகப் பின்னால் வருவதில்லை, ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சின்னத் துளை அடைபட்டே இருக்கிறது. சூட்டில் ஆயில் விரியும், திரும்பப் போக வழி கிடையாது. அந்தக் கொஞ்சம் பிரஷர் பூஸ்டரின் வால்வைத் தொட்டாலே போதும், மீதியைக் காற்று செய்துவிடும். கால் வைக்காமலே கிளட்ச் பாதி அமுங்கி நிற்கும்.

காரணம் தெரிந்தாலும் பிளேட் ஏற்கெனவே போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். பெரிய வண்டியின் பெட்டி பல நூறு கிலோ. சாதாரண ஜாக்கியை நம்பி அதன் கீழே படுக்காதீர்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் பெட்டியின் பாரம், பிளேட்டின் நடுவில் நுழையும் இன்புட் ஷாஃப்டில் தொங்கவே கூடாது. தொங்கினால் புது பிளேட்டின் நடு ஹப் வளைந்துவிடும், அப்புறம் கியர் விழாமல் கரகரக்கும்.

திறந்து பார்த்தபோது பிளேட்டின் உரசும் பரப்பான லைனிங், அதைப் பிடித்திருக்கும் ரிவெட் தலை வரை தேய்ந்திருந்தது. பிளேட் அழுந்தி உரசும் இன்ஜின் சக்கரமான பிளைவீலில் நகத்தை வைத்து இழுத்தால் மாட்டும் அளவுக்கு வட்டமாகக் கோடு, நடுநடுவே நீலம் பாரித்த திட்டுகள். பிளேட்டைப் பிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல் நுனிகளும், கிளட்சை விடுவிக்க அவற்றைத் தள்ளும் ரிலீஸ் பேரிங் ஓயாமல் உரசியதில் தேய்ந்து பளபளத்தன. லைனிங்கில் ஆயில் கசிவு இல்லை. இருந்திருந்தால் இன்ஜினின் பின் சீலையும் கியர்பாக்ஸின் முன் சீலையும் மாற்றாமல் மூடவே கூடாது.

பிளைவீலை லேத்துக்கு அனுப்பினோம். மேலாக இருக்கும் மெல்லிய விரிசல் கடைந்தால் போய்விடும், ஆழமான விரிசல் என்றால் பிளைவீலையே மாற்ற வேண்டும். உரசும் முகம் உள்ளே தாழ்ந்திருக்கும் குழிவான பிளைவீலாக இருந்தால், உரசும் முகத்தில் எவ்வளவு கடைகிறோமோ அவ்வளவு பிரஷர் பிளேட் உட்காரும் முகத்திலும் கடைய வேண்டும். இல்லையென்றால் அழுத்தம் குறைந்து, புது பிளேட்டும் வழுக்கும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

மற்றதெல்லாம் வழக்கம்போலத்தான்: இன்புட் ஷாஃப்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் புதிது, ரிலீஸ் பேரிங் புதிது, அந்த ஷாஃப்டின் பல்வரிகளான ஸ்ப்லைனில் மெல்லிய பூச்சாகக் கிரீஸ், பிளேட்டில் எழுதியிருக்கும் பிளைவீல் பக்கம் பார்த்து வைப்பது, டம்மி ஷாஃப்டை (இன்புட் ஷாஃப்ட் மாதிரியே இருக்கும் தண்டு) நுழைத்துப் பிளேட்டை நடுப்படுத்துவது, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குவது.

கடைசியாகப் புஷ் ராடை அட்ஜஸ்ட் செய்து, பெடலைக் கையால் அழுத்தினால் பிஸ்டனைத் தொடுவதற்கு முன் கொஞ்சம் சும்மா போகும்படி வைத்தேன். பெடலை அழுத்தி விடும்போது துளை திறந்து, தொட்டியில் ஆயில் லேசாகக் கொப்பளிக்கிறதா என்றும் பார்த்தேன். பழைய ஆயிலை மாற்றி குழாயில் சிக்கிய ஏரை எடுத்த பிறகு, சூடேறும்வரை லோடோடு ஓட்டி, அதே பிளீடர் ஸ்குரூவை மறுபடி திறந்தோம். சொட்டாகத்தான் வந்தது. ஓனரையும் பக்கத்திலேயே நிற்க வைத்து அதைக் காட்டினேன், டிரைவரை வேலையை விட்டு நிறுத்தும் பேச்சு அதோடு நின்றது.